பேசின ஊரும் பேசாத ஊரும்

பாண்டிமீனாவை முதலில் பார்த்த அன்று எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எங்கள் ஊருக்குக் கேள்வி கேட்க வருகிறவர்கள் யாரையுமே எனக்குப் பிடிக்காது. கக்கூஸ் இருக்கிறதா, கேஸ் அடுப்பு இருக்கிறதா, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். நாமும் வேலையை விட்டுவிட்டுப் பதில் சொல்வோம். பதிலை வாங்கிக்கொண்டு போனால் போனதுதான். அந்தப் பதிலை என்ன செய்தார்கள் என்று ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

இவளும் அந்த ரகம் என்றுதான் நினைத்தேன். நாற்பது வயதிருக்கும். நெட்டையான, கறுத்த உடம்பு. குதிகால் பக்கம் தேய்ந்துபோன செருப்பு. மதுரையில் சர்க்கரை நோயை ஆராய்ச்சி செய்கிற ஒரு ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றாள்.

எங்கள் ஊர் மஞ்சக்கரடு, உசிலம்பட்டிக்கு மேற்கே. மழை பெய்தால் சோளம், மொச்சை. பெய்யாவிட்டால் மாடு, அதுவும் இல்லாவிட்டால் திருப்பூர். அன்று நாடக மேடை நிழலில் நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஊரில் பெரிய மனுஷன் உக்கிரபாண்டி அவளைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டால் ஊரைக் கேட்பதாக அர்த்தமில்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"உசிலம்பட்டிக்குத் தெக்க, காலனி. எங்கப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கரும்பு வெட்டப் போனவுக. எங்கண்ணே பீமாராவ் வக்கீலா இருக்காரு. நான் இப்ப பசுமலைல இருக்கேன்" என்றாள். கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்தே சொல்லிவிட்டாள். ஒளிக்காமல் பேசுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை வீடு, பள்ளிக்கூடம் எதுவரை, தண்ணீர் எங்கிருந்து, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டாள். கடைசியாகச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊர் பெயரைச் சொல்லி, "இந்த ஊருகளோட உங்களுக்குக் குடுக்கல் வாங்கல் உண்டா?" என்றாள். ஒவ்வொரு ஊராகச் சொன்னோம். இந்த ஊரில் பெண் எடுத்திருக்கிறோம், அந்த ஊரில் கொடுத்திருக்கிறோம் என்று. நொச்சிப்பட்டி என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"அந்த ஊரோடயா? எங்க பாட்டன் காலத்துல இருந்தே கெடையாது" என்றார் உக்கிரபாண்டி.

"குடுத்தாலும் பாவம், எடுத்தாலும் பாவம்" என்றேன் நான்.

நொச்சிப்பட்டிக்காரர்கள் எங்களுக்குப் பங்காளிகள். கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே சாமி. அங்கே ஒரு சாவு விழுந்தால் இங்கே எங்களுக்கும் தீட்டு. அண்ணன் தம்பி முறையில் யாராவது பெண் எடுப்பார்களா? அதைத்தான் சொன்னேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது எனக்கு அன்று தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் கேட்காமல், எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களின் காலை எல்லாம் சோதித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பேனாக் குச்சி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நரம்பு. கட்டிலில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னாள்.

"கண்ண மூடிக்கங்க ஆத்தா. நான் தொடுறப்ப சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். வெளியே ஆடு கத்தியது. பக்கத்து வீட்டில் டி.வி. ஓடியது.

"எம்புட்டு நேரம் கண்ண மூடிக்கிட்டு இருக்குறது? தொடும்மா."

"தொட்டுட்டேன் ஆத்தா."

"எப்ப?"

"இப்பவும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். அந்த நரம்பு என் கட்டைவிரலில் வளைந்து நின்றது. கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. என் புருஷன் செத்தபோது அழுததைவிட அன்று அந்தக் கட்டைவிரலுக்கு நான் பயந்ததுதான் அதிகம். புருஷன் போனால் ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவது குறையும். கால் போனால் ஆக்கின சோற்றை இறக்கிவைக்கவே ஆள் தேட வேண்டும்.

தண்ணீர் கேட்டாள். சொம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் கனகாவைப் பற்றிச் சொன்னாள்.

பத்து வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, சர்க்கரை உள்ளவர்கள் காலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசுவது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் கனகா என்று ஒரு பொம்பளை. கூட்டத்தில் முன்னால் வந்து உட்காருவாளாம். சொன்னதை எல்லாம் திருப்பிச் சொல்லுவாளாம். முதலில் கை தட்டுகிறவளும் அவள்தானாம். பிறகு ஒரு நாள் வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கக்கத்தில் கட்டையோடு நிற்கிறாள். முழங்காலுக்குக் கீழே இல்லை.

"என்னப் பாத்ததும் சிரிச்சாங்க ஆத்தா. 'நீ நல்லாப் பேசுவியே தாயி'ன்னாங்க. 'நீ சொன்னது அம்புட்டும் ஞாபகம் இருக்கு'ன்னாங்க."

"ஞாபகம் இருந்துமா கால் போச்சு?"

"அதான். என் பேச்சால ஒரு காலாச்சும் தப்பிச்சிருக்கா, இல்ல சும்மா தொண்ட வத்தக் கத்திக்கிட்டுத் திரிஞ்சேனா? எனக்கு அது தெரியணும். ஆபீஸுல கேட்டா, எத்தன ஊருல பேசுனே, எத்தன பேரு வந்தாகன்னு கணக்குச் சொல்றாக. வந்தவுகளக் கேட்டா நல்லாருந்துச்சுங்கிறாக. அது எனக்கு எதுக்கு?"

"கேட்டவ காலே போயிருச்சு. இதுக்கு மேல என்னத்தத் தெரியணும்?"

"கேக்காம இருந்திருந்தா ரெண்டு காலும் போயிருக்குமோ என்னமோ. அது தெரியாதுல்ல. ஒரே ஆளு கேட்டவளாவும் கேக்காதவளாவும் இருக்க முடியாது. அதான் ஊர ஊராப் பாக்குறோம். அச்சுல வாத்த மாதிரி ரெண்டு ரெண்டு ஊரு. ஒன்னுல பேசுறது, ஒன்னுல பேசாம இருக்குறது. ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தா ரெண்டு ஊருக்கும்தான் வாராரு. மழ இல்லாம கஞ்சிக்குக் கஷ்டப்பட்டா ரெண்டும்தான் கஷ்டப்படும். கடைசில வித்தியாசம்னு ஒன்னு நின்னா, அது என் பேச்சால நின்னது."

"ஒரே ஊருல எனக்குச் சொல்லு, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லாத. முடிஞ்சு போச்சு."

"நீங்க அவுககிட்டச் சொல்லாம இருப்பீங்களா?"

"சொல்லவே வேணாம். எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு அவ மோந்தே சொல்லுவா."

"அதுக்குத்தான் ஊரையே பிரிக்கிறது."

எந்த ஊரில் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்களாம். எங்கள் ஜோடியில் எங்களுக்கு விழுந்ததாம். இன்னொரு ஊர் எது என்று சொல்ல மாட்டேன் என்றாள்.

"சீட்டு எதுக்கு? நல்ல ஊராப் பாத்து எடுக்க வேண்டியதுதான?"

"நானா எடுத்தா, சொன்ன பேச்சு கேக்குற ஊராப் பாத்து எடுத்துருவேன் ஆத்தா. எனக்கே தெரியாம எடுத்துருவேன்."

"அப்ப பேசாத ஊர்க்காரன் என்ன பாவம் பண்ணுனான்?"

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை போலிருந்தது. பதில் உடனே வந்தது. "புண்ணோட யாரப் பாத்தாலும், எந்த ஊரா இருந்தாலும், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம். பேச்சு மட்டும்தான் தள்ளி. எல்லாம் முடிஞ்சதும் அங்கயும் போயிப் பேசுவேன். பலன் இருந்தா."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா எதுக்குப் பேசணும்? வேற எதாச்சும் பண்ணணும்."

பத்து வருஷம் செய்த வேலையை இப்படித் தராசில் தூக்கி வைக்கிறவளை நான் பார்த்ததில்லை. நான் ஆக்கின குழம்பு நன்றாயில்லை என்று யாராவது சொன்னால் அவன் நாக்குதான் சரியில்லை என்பேன்.

அப்புறம் வாரா வாரம் மேடையில் பேச்சு நடந்தது. நன்றாகத்தான் பேசினாள். செருப்பு இல்லாமல் வாசல்கூடத் தாண்டாதே. சூடு தெரியாது, அதனால் வெந்நீரில் காலை விடாதே, கையை விட்டுப் பார். சாயந்திரம் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார். குனிய முடியாதவர்களுக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து கண்ணாடியைக் காலடியில் பிடித்துப் பார்ப்பேன். டீக்கடை மொக்கைச்சாமி போகிற போக்கில் வம்பு இழுப்பான்.

"என்ன பெரியம்மா, எல்லாரும் கண்ணாடில மொகத்தப் பாப்பாக. நீங்க கால் பாத்தாச்சா?"

"மொகத்தப் பாத்து எவன்டா கட்டிக்கப் போறான்? காலாச்சும் நிக்கட்டும்."

அவன் கிண்டலுக்குச் சொன்னது ஊருக்கே வாய்ப்பாடாகிவிட்டது. டீக்கடைக்கு யார் வந்தாலும் "கால் பாத்தாச்சா?" என்பான். பிறகு எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற இடத்தில் எல்லாம் கால் பார்த்தாச்சா என்று கேட்டார்கள். பாண்டிமீனா அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு வார்த்தை கிடையாது என்றாள்.

மாசி வந்தது. மாசிப் பச்சை என்கிற குலசாமி கும்பிடுக்கு எங்கள் பங்காளிகள் எல்லோரும் கோயிலுக்குச் சேருவோம். சென்னையில் இருக்கிறவன்கூட வந்துவிடுவான். சாமிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே வெறுங்காலில் வருவார்கள். பெட்டி தூக்குகிற உரிமை நொச்சிப்பட்டியில் என் கொழுந்தன் முறை அழகுமலைக்கு. அவனுக்கும் சர்க்கரை உண்டு. பெட்டி இறங்கி, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மறுநாள் மத்தியானம் கறிச்சோறு. புளியமரத்தடியில் பந்தி. அழகுமலை என் எதிரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"அழகுமலை, கால் பாத்தாச்சா?"

"என்ன மதினி?"

"பாதத்தத் திருப்புடா."

"நீங்க போயி என் காலத் தொடுறதா? விடுங்க மதினி."

விடவில்லை. திருப்பினேன். குதிகாலில் கருவேலமுள் முறிந்து உள்ளே நின்றது. சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ ஒருவனுடைய காலைப் பார்க்கிற மாதிரி, "இது எப்ப?" என்றான். அவன் பெண்டாட்டி முத்துமீனா இலையை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? பாண்டிமீனா வாரக்கணக்கில் மேடையில் சொன்னதை நான் சோறு ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன். அவள் மரியாதையாகச் சொன்னாள், நான் வைது சொன்னேன். அதுதான் வித்தியாசம். நொச்சிப்பட்டிப் பொம்பளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அன்று சாயந்திரம் வண்டி ஏறுவதற்குள் பாதிப் பேர் புருஷன் காலைத் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. அழகுமலையை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள் முத்துமீனா. புண் ஆற நாளானது. கால் நின்றது.

அடுத்த ஆடியில் நொச்சிப்பட்டியில் ஒரு பெரியவர் காலமானார். கருமாதிக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். சடங்கெல்லாம் முடிந்து, அழகுமலை வீட்டு வாசலில் பொம்பளைகளோடு மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருக்கோடியில் தேய்ந்த செருப்போடு ஒரு ஆள் வருவது தெரிந்தது. பாண்டிமீனா. கடைசிக் கேள்விகளைக் கேட்க வந்திருக்கிறாள். அவள் பேசாத ஊருக்கு.

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துமீனா முந்திக்கொண்டாள்.

"வாங்க தாயி. கால் பாத்தாச்சா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டிமீனா நின்ற இடத்திலேயே நின்றாள். முதலில் முத்துமீனாவைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றாள்.

"ஆத்தா, நீங்க எங்க இங்க?"

"எம் பங்காளி வீட்டுக் கருமாதி. நான் இங்க இல்லாம வேற எங்க இருப்பேன்?"

"பங்காளியா?"

"பின்ன? ஒரே சாமி, ஒரே தீட்டு."

"குடுக்கல் வாங்கலே கெடையாதுன்னு சொன்னீங்க. இந்த ஊர்லயும் அதத்தான சொன்னாக."

"பங்காளி வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? ஒங்க வீட்டுல எடுப்பீங்களா?"

"எடுக்க மாட்டோம்" என்றாள். குரல் கீழே போய்விட்டது. "எங்களுக்கும் அதான் மொறை. எனக்கு அது தெரியும். ஆனா நீங்க பாவம்னு சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சீங்க. ரெண்டு ஊருக்கும் ஏதோ வெட்டுக் குத்து, பழைய பகைன்னு நெனச்சேன். நான் போயி அதக் கிண்ட வேணாம்னு விட்டுட்டேன். பகையா இருந்தா இங்க பேசுறது அங்க போகாது, நல்லதாப் போச்சுன்னுகூட நெனச்சேன்."

பொம்பளைகள் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் தம்பியைப் பகையாளி என்று எழுதிவைத்திருக்கிறாளே. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"இங்க யாரு சொன்னது?" என்றாள்.

"நான்தான். மாசிப் பச்சையில."

"அம்புட்டையுமா?"

"கண்ணாடி ஒன்னுதான் குடுக்கல. அதயும் குடுத்துருப்பேன். ஒன்னுதான இருந்துச்சு."

வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் அழுவாளோ என்று முத்துமீனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அழவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, வந்த வேலையைப் பார்த்தாள். வீடு வீடாகப் போய், கேட்க வேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். தினமும் காலைப் பார்க்கிறீர்களா என்று கேட்பாள். பார்க்கிறோமே என்பார்கள். எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பதில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேசாத ஊரிலும் கால் பார்க்கிறார்கள் என்றால் அவள் பேச்சு வீண் என்றுதானே கணக்கு வரும்.

சாயந்திரம் இரண்டு பேரும் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்றோம். ஆபீஸில் கணக்குப் பார்க்கிற ராம்கி என்ற பையனுக்குப் போன் போட்டாள். பஸ் ஸ்டாப்பில் காற்று இரைச்சல். அவன் பேசுவது கேட்காமல் போனை ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததை எல்லாம் அவனிடம் சொன்னாள்.

"அந்த ஜோடியத் தூக்கிருவோம்கா" என்றான் அவன். "நியாயமான காரணம் இருக்கு. ரெண்டு ஊரும் ஒன்னுக்குள்ள ஒன்னு. தூக்கிட்டா மிச்ச ஜோடில வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்."

அவள் கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராம்கி, ஒன்னு கேக்குறேன். இவுக பங்காளின்னு இன்னைக்குத் தெரியுது. ஆனா நொச்சிப்பட்டில ஒருத்தரும் கால் பாக்கலன்னு வச்சுக்க. அப்ப இந்த ஜோடியத் தூக்கணும்னு நீ சொல்லுவியா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"சொல்ல மாட்ட. நானும் சொல்ல மாட்டேன். பேசாம வச்சுக்குவோம். அப்ப எனக்குப் பிடிக்காத பதில் வந்தா மட்டும் தூக்குறதுங்கிறது என்ன கணக்கு? எண்ணிக்கைல இருக்கட்டும். நடந்தது என்னன்னு ரிப்போர்ட்ல அப்படியே எழுதிருவோம். நான் தப்பாக் கேட்டதையும் சேத்து."

"ஒங்க பத்து வருஷம்கா இது."

"என் பத்து வருஷம்தான். அதான் சொல்றேன்."

போனை வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேலும் கோபம், என்னை இந்த இடத்தில் நிறுத்தின அவளுடைய ஆராய்ச்சி மேலும் கோபம்.

"ஏம்மா, முள்ளு குத்துன கால எதுக்க வச்சுக்கிட்டு நான் வாயப் பொத்திக்கிட்டுச் சோறு திங்கணுமா?"

"யாரு சொன்னா? நீங்க சொன்னது சரி ஆத்தா. நான் கேட்டதுதான் தப்பு. பொண்ணு போறதுதான் ஒரு ஊரு பேச்ச இன்னொரு ஊருக்குக் கொண்டு போகும்னு நெனச்சேன். பொண்ணு போகாத ஊருக்குச் சாவும் சாமியும் போகும்னு நெனைக்கல. எங்க ஆளுக கோயில் கும்பிடுக்கு ஊரு ஊரா வாரதப் பாத்தே வளந்தவ நான், எனக்கே தோணல."

பஸ் வந்தது. வழியெல்லாம் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது அபூர்வம்.

அவ்வளவுதான், இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் மேடையில் வந்து நின்றாள். எல்லோரையும் கூப்பிடச் சொன்னாள். கேட்டு வாங்கிக்கொண்டு போன பதிலை என்ன செய்தேன் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றாள். என் ஆயுசில் அப்படி வந்து நின்ற முதல் ஆள் அவள்தான். உக்கிரபாண்டி துண்டை உதறிப் போட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"மொத்தம் ஏழு ஜோடி ஊரு. நாலு ஜோடில, பேசுன ஊர்ல புண்ணு கொறவு. ரெண்டு ஜோடில வித்தியாசம் இல்ல. அதுல ஒரு ஜோடி நீங்களும் நொச்சிப்பட்டியும். மிச்சம் ஒன்னுல, பேசாத ஊர்லதான் கொறவு."

"அது எப்படி?" என்றார் உக்கிரபாண்டி.

"தெரியல."

"எல்லாஞ் சேத்துப் பாத்தா என்னங்கிறீக?"

"பலன் இருக்குற மாதிரி இருக்கு. ஆனா சும்மா தற்செயலா வந்த வித்தியாசமாவும் இருக்கலாம். இத வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது."

மொக்கைச்சாமி கையைத் தூக்கினான். "அழகுமலைச் சித்தப்பா கால் தப்பிச்சதே, அது பத்தாதாக்கா? அவர மேடைல ஏத்தி நிறுத்துனா ஒங்க ஆபீஸே நம்பும்."

"அது ஒரு காலுண்ணே. நாங்க ஒருத்தரும் சொல்லாமயே முத்துமீனா அந்த முள்ளப் பாத்திருக்கலாம். ஒரு கால வச்சுச் சொல்ல முடியாது." என் பக்கம் திரும்பினாள். "வாடிப்பட்டிப் பக்கம் ஒரு அம்மாவுக்குக் கால் போச்சு. அத வச்சு என் பேச்சே வீணுன்னு இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அதுவும் ஒரு கால்தான்."

கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் செய்யப் போகிறார்களாம். இந்தத் தடவை இன்னும் நிறைய ஊர்கள். ஒரு கோயிலில் சேர்ந்து பொங்கல் வைக்கிற ஊர்களை எல்லாம் ஒரே ஊராகக் கணக்கில் எடுப்பார்களாம். கொடுத்து வாங்குகிற ஊர்கள் தெரிந்தாலும் அப்படித்தான். ஆபீஸில் ஒத்துக்கொள்ள வைக்கச் சிரமப்பட்டேன் என்றாள். ஒவ்வொரு ஊராகப் போய் யாருக்கு யார் பங்காளி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஒரு ஊரில் இவள் சொத்துத் தகராறுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து விரட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அன்றைக்குச் சிரித்தாள்.

"நொச்சிப்பட்டிக்கு எப்பப் பேசப் போறே?" என்றேன்.

"நேத்துப் போனேன். அங்க பேச ஒன்னும் மிச்சம் இல்ல. நீங்க வஞ்சதையும் சேத்து எனக்கே திருப்பிச் சொல்றாக. ஆளுக்கொரு கண்ணாடி குடுத்துட்டு வந்தேன்."

பஸ்ஸுக்கு எழுந்தாள். நானும் ஸ்டாப் வரை நடந்தேன்.

"இப்ப மதுரைக்கா?"

"இல்ல. வாடிப்பட்டி போறேன். கனகாம்மாட்டச் சொல்லணும்."

"என்னன்னு?"

"பலன் இருக்கும் போல, இன்னும் தெரியலன்னு."

"தெரியலங்கிறதச் சொல்லவா ரெண்டு பஸ் மாறிப் போற?"

"ஆமா ஆத்தா. அவுகதான் முன்னால உக்காந்து கேட்டவுக."

மெய்யாகவே கிறுக்கிதான் என்று நினைத்தேன். பஸ் வரக் காணோம். அவள் மைல் கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சர்க்கரை கிடையாது. பார்த்து முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.